சத்தம் வந்த முதல் எண்

உங்களில் ஒவ்வொருவரிடமும் ஒரு டெஸ்ட் பாட்டு இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள். சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்த நாலாம் நாளே அது வந்து ஒட்டிக்கொள்ளும். சவுண்டு வேலை முடிந்ததும் அந்தப் பாட்டைப் போட்டு, வால்யூமை ஏற்றிவிட்டு, வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்போம். அவர் தலை ஆடினால் வேலை முடிந்தது. என்னுடையது தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து முழங்கும் ஒரு கல்யாணப் பாட்டு. விழுப்புரம் பாண்டி ரோட்டில் இருபத்தாறு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பக்கத்து டீக்கடைக்காரருக்கே அந்தப் பாட்டு மனப்பாடம். அது கேட்டால் போதும், "என்ன மேடம், ஒண்ணு பொழச்சிக்கிச்சா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களிடம் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். சரிசெய்த கதைகளைச் சொல்ல உங்களுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். வீடியோவிலும் கொட்டிக் கிடக்கிறது. நான் கெடுத்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். அதை யாரும் வீடியோவாகப் போடுவதில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். கடை திறந்த புதிதில் உள்ளே வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் எட்டிப் பார்த்து, "சார் இல்லீங்களா?" என்பார்கள். "சார் நான்தான், உட்காருங்க" என்பேன். சிலர் உட்காருவார்கள். சிலர் ஏடிஎம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பி இன்றுவரை வரவில்லை. பொம்பளை கையில் பெட்டியைக் கொடுத்தால் உருப்படுமா என்ற அந்தச் சந்தேகம் என்னைச் சுட்டது. அதனாலேயே மற்ற கடைகளில் முடியாது என்று திருப்பி அனுப்பிய வேலைகளைத் தேடித் தேடி எடுத்தேன். நல்ல வீம்புதான். ஆனால் வீம்புக்குப் பிரேக் கிடையாது என்பதை ரொம்பத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

நாம் அசெம்பிள் செய்த பெட்டியில், ஆப்பிள் கம்பெனி தன் மேக் கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று செய்த மேக்ஓஎஸ்ஸை ஓட வைக்கும் வேலை அப்படித்தான் என்னிடம் வந்தது. கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோக்காரர்கள் கேட்டார்கள். அதன் உரிமப் பத்திரத்தில் இதற்கு இடம் கிடையாது. அதை ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். கேட்டுக்கொண்டே, "பரவால்ல மேடம், போடுங்க" என்பார்கள். அடுத்தவன் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் மாட்டிக்கொள்கிற மாதிரி காரியம் இது. தோள் பொருந்தும், கை பொருந்தும், ஏதோ ஒரு பட்டன் மட்டும் போட வராது. பெரும்பாலும் அந்தப் பட்டன் சவுண்டுதான்.

சவுண்டை எப்படி வரவைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மதர்போர்டில் ஒரு சவுண்டு சிப் இருக்கிறது. ஒரே சிப்பை ஒவ்வொரு போர்டிலும் ஒவ்வொரு மாதிரி வயரிங் செய்திருப்பார்கள். அந்தச் சிப்பைப் பேச வைக்க நாம் போடுகிற டிரைவர் மென்பொருளில் அந்த வயரிங்குகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒன்று போட்டு ரீஸ்டார்ட். சத்தம் இல்லையா, இரண்டு. அதுவும் இல்லையா, மூன்று. ஐந்து, ஏழு, பதினொன்று என்று சத்தம் வரும்வரை போய்க்கொண்டே இருப்போம். சத்தம் வந்த முதல் எண்ணில் நிறுத்திவிட்டு டெஸ்ட் பாட்டைப் போடுவோம். எங்கள் ஜில்லாவில் இந்த வேலை தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். எல்லோரும் இப்படித்தான் செய்தோம்.

ஒருமுறை பனமலை பக்கத்திலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் பெட்டியைக் கொண்டுவந்தார். காலையிலிருந்து மத்தியானம்வரை எண்ணை மாற்றி மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். பட்டியலே தீர்ந்துபோய்விட்டது. அந்த மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், வீட்ல நான் பச்ச ஓட்டையில சொருவுவேன். நீங்க ரோஸ்ல சொருவிக்கினு இருக்கீங்க" என்றார். ஸ்பீக்கர் வயர் மைக் துளையில் இருந்தது. முதல் எண்ணிலேயே சத்தம் வந்திருக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே டீக்கடைக்காரர் இரண்டு வாரம் என்னைக் கேலி செய்தார். அவமானம்தான், ஆனால் யாருக்கும் சேதமில்லை. இப்போது சொல்லப்போவதில் சேதம் உண்டு.

கவிதாவை அவள் அம்மாதான் கைபிடித்துக் கடைக்குள் அழைத்துவந்தார். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாக அம்மா சொன்னார். கவிதாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. வல்லம் பக்கத்தில் சொந்த நிலம், அண்ணன் பார்த்துக்கொள்கிறான். இவள் சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சவுண்டு எடிட்டிங் கற்றவள். அங்கே எல்லாம் மேக்கில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். புது மேக் வாங்க வழியில்லாததால், கூடப் படித்தவர்களின் யோசனைப்படி ஒரு பிசியை அசெம்பிள் செய்து அதில் மேக்ஓஎஸ் போட்டு வைத்திருந்தாள். அம்மாவும் மகளும் திண்டிவனத்தில் வாடகைக்கு வீடு எடுத்திருந்ததே இந்த வேலைக்காகத்தான்.

என்ன வேலை என்றால், புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து விற்கிற ஒரு சென்னை நிறுவனம், வாசிப்பவரின் பதிவை இவளுக்கு அனுப்பும். அதில் மூச்சு வாங்குவது, இருமல், தாள் புரட்டும் சத்தம், தப்பாகப் படித்துத் திரும்பப் படித்த வரி எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்து அனுப்ப வேண்டும். முதல் புத்தகம் ஒரு பரீட்சை. அது தேறினால் மாதா மாதம் வேலை. அந்த முதல் புத்தகம் பாதியில் இருக்கும்போது, கம்ப்யூட்டர் அப்டேட் கேட்டிருக்கிறது. இவளும் சரி என்று அழுத்தியிருக்கிறாள். சவுண்டு போய்விட்டது.

ஸ்டுடியோக்காரருக்குச் சவுண்டு போனால் சவுண்டு மட்டும்தான் போகும். கவிதாவுக்குக் கம்ப்யூட்டரே போய்விட்டது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் குரல்தான் அவளுக்குத் திரை. "ரெண்டு நாளா சோறு கூட எறங்கல மேடம் இவளுக்கு. சும்மா கீபோர்ட தடவிக்கினு குந்தினு இருக்கா" என்றார் அம்மா. புத்தகத்தை ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கவிதா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி எனக்கு மறக்கவில்லை. பாஸ்வேர்டு போடுகிற திரையிலேயே குரல் பேசுமா, உள்ளே போன பிறகுதான் பேசுமா என்று கேட்டாள். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. உள்ளே போன பிறகு சத்தம் வந்தால் அவளுக்குப் பிரயோஜனமில்லை. கதவைத் திறக்கத்தான் அவளுக்குச் சத்தம் வேண்டும். அதையும் செய்து தருகிறேன் என்றேன். அடுத்து அவள் ஒரு யோசனை சொன்னாள். கூடப் படித்தவர்களின் குரூப்பில் யாரோ யுஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கிச் சொருகிக்கொள்ளச் சொன்னார்களாம். கட்டைவிரல் அளவு இருக்கிற அந்தச் சாமானைச் சொருகினால் மதர்போர்டு சிப்பின் தொல்லையே இல்லையாமே, அது போதாதா என்றாள்.

உண்மையில் அது போதும். எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் கூட்டத்தில் யுஎஸ்பி கார்டு சொருகுவது தோற்றுப்போனதற்கு அடையாளம். போர்டில் இருக்கும் சிப்பையே பேச வைத்தால்தான் வேலை தெரிந்தவள். அதனால் யோசிக்காமல், "அதெல்லாம் தடி ஊணி நடக்கற மாதிரிம்மா. உனக்கு நான் கால்லயே நடக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவள் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த வெள்ளைத் தடியைப் பார்த்தேன்.

"தடி நல்லதுதான் மேடம். நான் அத வச்சிக்கினுதான் திண்டிவனத்துல மேம்பாலம் வரைக்கும் தனியா போயிட்டு வர்றேன்" என்றாள் கவிதா. குரலில் கோபமில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த இடத்திலாவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அசடு வழியச் சிரித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் பார்த்தேன். பதினொன்றில் சத்தம் வந்தது. கல்யாணப் பாட்டு கடையை நிறைத்தது. பாஸ்வேர்டு திரையிலும் குரல் பேசியது. கவிதா கீபோர்டில் விரல்களை ஓடவிட்டாள். குரல் விடாமல் வாசித்துக்கொண்டே வந்தது. அவள் சிரித்தாள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டி மறுபடியும் சேலைக்குள் போனது. அன்று நான் எவ்வளவு பெருமையாக வீட்டுக்குப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மூன்றாம் நாள் கவிதா போன் செய்தாள். கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் ஒன்றின் பெட்டிகள் பெஞ்சில் அடுக்கியிருந்தன. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"மேடம், சில நேரம் மொத எழுத்து வராத மாதிரி இருக்கு. எப்பவும் இல்ல. சில நேரம்தான்."

"பாட்டு போட்டுப் பாத்தியா?"

"பாட்டு நல்லா வருது மேடம்."

"அப்ப மிஷின் நல்லா இருக்கும்மா. ராத்திரி பகலா ஒக்காந்து கேட்டுக்கினு இருக்கல்ல, காது ஓஞ்சிருக்கும். கொஞ்சம் ரெஸ்ட் குடு."

சரி மேடம் என்று வைத்துவிட்டாள். அந்த உரையாடல் அரை நிமிஷம்கூட இருந்திருக்காது. பாட்டு வந்தால் மிஷின் நல்லா இருக்கிறது என்பது எங்கள் தொழிலின் சட்டம். சட்டத்தைச் சொல்லிவிட்டு நான் பள்ளிக்கூடப் பெட்டிக்குத் திரும்பினேன்.

பிறகு மூன்று வாரம் அவளிடமிருந்து பேச்சே இல்லை. பேச்சு இல்லை என்றால் மிஷின் ஓடுகிறது என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம், இல்லையா? ஒரு நாள் காலை அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மூச்சுச் சத்தம் வரிக்கு வரி அப்படியே இருக்கிறதாம். இந்த வேலைக்குக் காது இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறார்களாம். "அவ யார் கூடயும் பேச மாட்றா மேடம். நான் கூப்ட்டாக் கூட என்னாது, என்னாதுன்னு மூணு வாட்டி கேக்கறா. நல்ல பேஜாரா இருக்கு. மிஷின ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்றார்.

திண்டிவனம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? மிஷினில் குற்றம் இருக்கக்கூடாதே என்பதுதான். அந்தப் பெண்ணின் வேலை போனது இரண்டாவதாகத்தான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தச் சின்னப் பெண்தான் மிஷினைக் குறை சொல்கிறாள் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் பழக்க தோஷம், கல்யாணப் பாட்டைத்தான் போட்டேன். கணீரென்று வந்தது. 'பார்த்தாயா' என்று சொல்ல வாயெடுத்தேன். கவிதா என்னை முந்திக்கொண்டாள்.

"மிஷின் சரிதான் மேடம். என் காதுதான் போயிடுச்சின்னு நெனைக்கிறேன்."

அதை அவள் அழாமல் சொன்னாள். கண் இல்லாதவள் காதும் போகிறது என்று நினைத்தால் அவளுக்கு உலகத்தில் மிச்சம் என்ன இருக்கும்? மூன்று வாரமாக அவள் அந்த நினைப்போடு எழுந்து, அந்த நினைப்போடு படுத்திருக்கிறாள். நீ எப்படி வேலை செய்வாய், எனக்குச் செய்து காட்டு என்றேன். என் தொழில் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரையை வாசிக்கும் குரலை அவள் நிறுத்தினாள். வெட்டும்போது இரண்டு குரலும் மோதிக்கொள்ளும், அதனால் நிறுத்திவிடுவேன் என்றாள். ஒரு பதிவைத் திறந்து, ஒரு இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, ஒரு கீயைத் தட்டினாள். ஒரு பெண் குரல் ஒரு வரியைப் படித்தது. நிறுத்தினாள். யோசித்தாள். மறுபடி தட்டினாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தின் படம் அதில் மேடும் பள்ளமுமாகத் தெரியும் அல்லவா? ஓடுகிற கோடு ஒரு சின்ன மேட்டின் மேல் ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. அடுத்த மேட்டிலிருந்துதான் குரல் வந்தது.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். அதே. சத்தம் இல்லாத நேரத்தில் அந்தச் சிப் தூங்கிப்போகிறது. தட்டினால் எழுந்திருக்கக் கண்ணிமைக்கும் நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. மூன்று நிமிஷம் ஓடும் பாட்டில் அதை யார் கண்டுபிடிப்பார்கள்? கடையில் குரல் விடாமல் வாசித்துக்கொண்டிருந்ததால் சிப் விழித்திருந்தது. கவிதாவின் வேலையோ தட்டுவது, கேட்பது, நிறுத்துவது, யோசிப்பது. அவள் யோசிக்கும்போதெல்லாம் அது தூங்கியது. வரியின் தொடக்கத்தில் இருக்கும் மூச்சை அவள் கேட்கவே இல்லை. ஏனென்றால் அது அவள் காதுக்கு வரவே இல்லை. வராத மூச்சை எப்படி வெட்டுவாள்? சில இடத்தில் சொல்லின் தலையே போய்விட்டது என்று பயந்து, வெட்டிய இடத்தை அவளாகவே சொல்லுக்கு முன்னால் நகர்த்தி, மூச்சுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கிறாள்.

நிரூபிக்க அதே பதிவை என் போனில் போட்டுக் காட்டினேன். மூச்சோடு முழுசாகக் கேட்டது. திருப்பி வந்த புத்தகத்தை அவளும் போனில் கேட்டிருக்கிறாள். போனில் கேட்கிற மூச்சு ஹெட்போனில் எட்டவில்லை என்றதும், காது விட்டுவிட்டு மங்குகிறது என்ற சந்தேகம் அவளுக்கு உறுதியாகிவிட்டது. அடுத்த எண்ணைப் போட்டேன், அதற்கடுத்ததையும் போட்டேன். அந்தப் போர்டில் எந்த எண்ணிலும் சிப் தூங்கத்தான் செய்தது. மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் போய் யுஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கிவந்து சொருகினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மானிட்டரை அணைத்துவிட்டு, கவிதா சொல்லச் சொல்ல நானே தட்டித் தட்டிக் கேட்டேன். அரை நிமிஷம் சும்மா இருந்துவிட்டுத் தட்டினேன், ஐந்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டும் தட்டினேன். மூச்சிலிருந்தே வந்தது. பாஸ்வேர்டு திரையும் பேசியது. முதல் நாள் அவள் கேட்டதும் இந்தக் கார்டைத்தான்.

அன்றோடு கல்யாணப் பாட்டைக் கைவிட்டேன். ஒன்று என்று சொல்லி அரை நிமிஷம் மௌனம், இரண்டு என்று சொல்லி மறுபடி அரை நிமிஷம் மௌனம் என்று என் குரலிலேயே ஒரு பதிவு செய்து வைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் என்னைக் கோயிலில் மந்திரிக்க வேண்டும் என்றார். நீங்களும் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், வாடிக்கையாளர் தன் வேலையை உங்கள் முன்னால் ஐந்து நிமிஷம் செய்து காட்டாமல் பெட்டியை ஒப்படைக்காதீர்கள். நம் வேலை முடிந்ததா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மிஷின் சரியாகிவிட்டது. போன வேலையை யார் திருப்பித் தருவது? நிறுவனத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். அவள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து அடிக்கவும் செய்தேன். எழுதும்போது ஒரு சங்கடம் வந்தது. கவிதா தன் விண்ணப்பத்தில் மேக் என்று மட்டும்தான் எழுதியிருந்தாள். நடந்ததை விளக்கினால், இது அசெம்பிள் செய்த பெட்டி என்பதும் வெளியே வரும். உரிமப் பிரச்சினை என்று சொல்லி மொத்தமாகக் கதவைச் சாத்திவிட்டால்? அந்தப் பெட்டியைத் தொட்டவள் என்று என் கடையின் பெயரும் அதில் இருக்கும். அதனால் வளைத்து வளைத்து எழுதினேன். 'சில தொழில்நுட்பக் கோளாறுகள் காரணமாக ஒலியில் தடங்கல் ஏற்பட்டது' என்று ஒரு வாக்கியம். நாம் பில்லின் பின்பக்கம் எழுதுவோமே, அந்த நடை.

கவிதா அதைத் தன் வாசிப்புக் குரலைக் கொண்டு படிக்கவைத்துக் கேட்டாள். அந்த மிஷின் குரலில் என் வாக்கியத்தைக் கேட்க எனக்கே கூசியது.

"இதுல யார் தப்புன்னு வரலயே மேடம்" என்றாள்.

பெட்டியைப் பற்றி எழுதினால் உனக்குச் சிக்கல் வரலாமே என்று இழுத்தேன்.

"இருக்கறத எழுதுங்க. கண்ணு தெரியாதுன்றதயே எழுதித்தான் நான் இந்த வேலய கேட்டேன்."

அடித்ததை முழுசாக அழித்துவிட்டு நாலு வரி எழுதினேன். இது நான் வேலை பார்த்த, மேக்ஓஎஸ் போட்ட அசெம்பிள் பெட்டி. ஒவ்வொரு முறையும் முதல் சத்தத்தை விழுங்குகிற நிலையில் நான் ஒப்படைத்தேன். இந்தப் பெண் போன் செய்து சொன்னபோது நான் பார்க்காமலேயே மறுத்தேன். அவள் காதில் குற்றமில்லை, தவறு என்னுடையது. அதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுக் கடை முத்திரையும் குத்தி அனுப்பினேன். கடை வைத்த நாளிலிருந்து 'தவறு என்னுடையது' என்று நான் எழுதிக் கொடுத்தது அது ஒன்றுதான். எழுதி முடித்ததும் மனது லேசாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பயமாகத்தான் இருந்தது.

எட்டு நாள் பதில் இல்லை. அந்த எட்டு நாளும் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒன்பதாம் நாள் வந்தது. புத்தகம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது, அதைத் திருப்ப முடியாது. ஆனால் ஒரே ஒரு அத்தியாயம் அனுப்புகிறோம், நாலு நாளில் செய்து காட்டட்டும் என்றார்கள். தேறினாலும் ஒரு வருஷத்துக்குள் முறையான மிஷினுக்கு மாறிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். நியாயமான நிபந்தனை. கவிதா இரண்டே நாளில் முடித்து அனுப்பினாள். எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் ஆவதற்குள் அவள் சம்பாத்தியத்திலேயே சின்னதாக ஒரு நிஜ மேக் வாங்கிவிட்டாள். பழைய பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேறு யாரையாவது கூப்பிட்டிருந்தால்கூட நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். அதோடு எனக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தாள். சந்தோஷமாகவே இழந்தேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது அம்மா வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பேச்சு அந்த மூன்று வாரத்தைப் பற்றித் திரும்பியது. அப்போதுதான் அவர் சொன்னார், பாண்டியில் ஒரு காது டாக்டரிடம் மூன்று தடவை போய்வந்தார்களாம். என்னிடம் இதை யாரும் சொல்லவே இல்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மூணு வாட்டியும் காது நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு" என்றாள் கவிதா.

"அப்புறம் ஏம்மா மூணு வாட்டி போன?"

அவள் புது மிஷினின் வயரைச் சுற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகப் பதில் சொன்னாள்.

"நீங்க மிஷின் நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்களே மேடம். ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் சொல்றதுதான நெஜமா இருக்க முடியும்? நான் உங்கள நம்புனேன்."